உண்ட பிறகான இரண்டு மணி நேரம்: ஈசூன் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வயது 46. உயரம் 170 சென்டிமீட்டர், எடை 64 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு 22.1. புகைப்பதில்லை. தந்தைக்கு ஐம்பது வயதுக்கு முன்பே நீரிழிவு வந்திருந்தது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயாருடன் வீவக அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறார். விமானச் சரக்குக் கிடங்கில் பகல், இரவு என மாறி மாறி வரும் 12 மணி நேரப் பணி. அதில் பெரும்பகுதி கணினித் திரைக்கு முன்னால் கழிகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு மானியத்துடன் கிடைக்கும் உடற்பரிசோதனைக்குப் போனார். எச்பிஏ1சி என்ற சர்க்கரைச் சோதனையில் 6.2 விழுக்காடு என்று வந்தது. மேற்கொண்டு சோதனைகள் செய்து, உணவு ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பினார்கள். அவர் யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றி, அவருடைய சம்மதத்துடன் இதை எழுதுகிறேன்.

உடன் வந்திருந்த தாயார் நாற்காலியில் அமர்வதற்கு முன்பே கேட்டுவிட்டார். "எலும்பும் தோலுமாய் இருக்கிறவனுக்கு இனிப்பு நீர் எப்படியம்மா வரும்? இவன் அப்பா நல்ல பருமன், அவருக்கு வந்தது சரி."

நம் சமூகத்தில் எத்தனையோ பேர் இதே எண்ணத்தால்தான் சோதனைக்கே போகாமல் இருக்கிறார்கள். ஆகவே அந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். முதலில் அவருடைய சோதனை முடிவுகள்.

எச்பிஏ1சி என்பது ஏறத்தாழ மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு. சிங்கப்பூரில் அது 6.1 முதல் 6.9 வரை இருந்தால், நீரிழிவு என்றும் சொல்லாமல், இல்லை என்றும் விடாமல், அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள். இவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை லிட்டருக்கு 5.9 மில்லிமோல். இது இயல்பான அளவு. அத்துடன் நிறுத்தியிருந்தால் "பயமில்லை, அடுத்த முறை பார்ப்போம்" என்று வீட்டுக்குப் போயிருப்பார். மருத்துவர் நிறுத்தவில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். 10.1 காட்டியது. 7.8-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும், 11.1-ஐத் தொட்டிருந்தால் அது நீரிழிவு.

காலையில் இயல்பாக இருந்த சர்க்கரை, குளுக்கோஸ் குடித்த பிறகு ஏன் இறங்க மறுத்தது? இரண்டு சோதனைகளும் உடலின் வெவ்வேறு வேலைகளை அளக்கின்றன. வெறும் வயிற்றுச் சர்க்கரை பெரும்பாலும் இரவெல்லாம் கல்லீரல் எவ்வளவு சர்க்கரையை வெளியே விட்டது என்பதைப் பொறுத்தது. குளுக்கோஸ் குடித்த பிறகு வரும் அளவோ, கணையம் எவ்வளவு விரைவாக இன்சுலினைச் சுரந்தது, தசைகள் எவ்வளவு சர்க்கரையை வாங்கிக்கொண்டன என்பதைப் பொறுத்தது. இவருடைய கல்லீரல் இன்னும் சமாளித்துக்கொண்டிருந்தது. தசையும் கணையமும் திணறத் தொடங்கிவிட்டன.

மற்ற முடிவுகளும் அதையே சொல்லின. இடுப்புச் சுற்றளவு 91 சென்டிமீட்டர். ஆசிய ஆண்களுக்கு எல்லை 90. டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 2.4, உயர்வுதான். நல்ல கொழுப்பு 0.9 மட்டுமே. இரத்த அழுத்தம் 132/84. எடைப்பொறியில் நின்றால் எந்தக் குறையும் தெரியாது. அளவு நாடாவைச் சுற்றினால்தான் தெரிந்தது.

ஒல்லியான உடலில் கொழுப்பு எங்கே இருக்கிறது?

2004-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனின் யட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. குறியீடு ஒன்றாக இருந்தும் இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. நம் ஈசூன்காரரின் குறியீடு 22.1 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

தெற்காசியர்களின் உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கும் போக்கு பிறவியிலேயே தொடங்குகிறது என்பதைப் புனேயில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டின. கொழுப்பு இருப்பது மட்டுமே தீங்கு அல்ல, அது எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். தோலுக்கு அடியில் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் தொந்தரவு தராது. அந்த இடத்துக்கு ஓர் எல்லை உண்டு. நம்மில் பலருக்கு அந்த எல்லை சிறியது. வீவக வீட்டின் சாமான் அறை நிரம்பிவிட்டால் மிச்சம் கூடத்துக்கு வருவதுபோல, மிஞ்சிய கொழுப்பு கல்லீரலுக்குள்ளும் கணையத்துக்குள்ளும் தசைக்குள்ளும் போய்ச் சேர்கிறது. அங்கே அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. சிங்கப்பூரின் மூன்று இனத்தவரிடமும் நடந்த ஆய்வுகளில், ஒல்லியாக இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டாலும் இந்தியர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாத நிலை, கூடுதலாக இருந்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் ஆசியர்களின் உடல் நிறைக் குறியீட்டுக்கு 23, 27.5 என்ற தாழ்ந்த எல்லைகளைப் பரிந்துரைத்தது. சிங்கப்பூர் அதையே பின்பற்றுகிறது. எனினும் இவர் 23-க்கும் கீழே இருந்தார். 2019-20-இல் நடந்த மக்கள் சுகாதார ஆய்வில் சிங்கப்பூரின் இந்தியர்களிடையே நீரிழிவு சுமார் 14 விழுக்காடு, சீனர்களிடையே சுமார் 8 விழுக்காடு. இந்த வேறுபாட்டை உணவின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது.

தாயாரிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். "அப்போ, இவனைப் பட்டினி போட்டு இளைக்கவைப்பதில் பயனில்லை என்கிறாயா?" என்று கேட்டார். சரியான கேள்வி. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். இவருக்குத் தசைதான் பற்றாக்குறை.

ஒரு நாள் எப்படிப் போகிறது

இரவுப் பணி முடித்துக் காலை ஏழரை மணிக்குக் காப்பிக்கடையில் இரண்டு பரோட்டா, தொட்டுக்கொள்ளக் குழம்பும் கொஞ்சம் சீனியும், கட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தேநீரான தே தாரிக் ஒன்று. வீட்டுக்கு வந்து உடனே படுக்கை. ஐந்து மணி நேரத் தூக்கம், அதுவும் விட்டு விட்டு. பிற்பகல் இரண்டரைக்குச் சோறு, சாம்பார் அல்லது மீன் குழம்பு, ஒரு கரண்டி பொரியல். வேலைக்குக் கிளம்பும் முன் தாயார் கையால் ஒரு குவளை மால்ட் பானம். ஒல்லியாக இருக்கிறானே என்ற கவலையில் இருபது ஆண்டுகளாக நடப்பது. நள்ளிரவில் பணியிடத்தில் பொட்டலச் சோறு அல்லது மீ கோரெங் என்ற வறுத்த நூடல்ஸ். பகல் பணி நாள்களில் இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு, அதன் பிறகு சோபா.

உணவின் அளவு மிகுதி என்று சொல்லவே முடியாது. மாவுச்சத்து வந்து சேரும் நேரமும், அதற்குப் பிறகு உடல் அசையாமல் இருப்பதும்தான் என்னை யோசிக்கவைத்தன. பாஸ்டனில் ஆரோக்கியமான 14 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே உணவைக் காலை எட்டு மணிக்கு உண்டபோது இருந்ததைவிட இரவு எட்டு மணிக்கு உண்டபோது சர்க்கரை 17 விழுக்காடு கூடுதலாக ஏறியது. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் இரவில் கணையத்தின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. தூக்கக் குறைவும் அதே வேலையைச் செய்கிறது: சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டபோது, அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகச் சரிந்தது. அது 1999-இல் வெளியானது. பணிமுறை மாற்றம் இவர் கையில் இல்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆகவே மாற்றக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மருத்துவர் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை பற்றியும் பேசினார். ஆறு மாதங்கள் வாழ்க்கைமுறையை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

என்ன செய்தோம்

முதல் மாற்றம் நடை. காலையில் ஒரு மணி நேரம் பூங்காவில் நடக்கச் சொல்லியிருந்தால் இரவுப் பணி வாரத்தில் அது நின்றுபோயிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடங்கள் நடக்கச் சொன்னேன், அவ்வளவுதான். இதற்குப் பின்னால் அழகான உடலியல் இருக்கிறது. தசை செல்லுக்குள் சர்க்கரை நுழைய குளூட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வர வேண்டும். வழக்கமாக அதை வரவழைப்பது இன்சுலின். ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் இல்லாமலேயே இன்னொரு வழியில் அதே புரதம் மேலே வந்துவிடுகிறது. இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காத தசையும் நடந்தால் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். உணவு செரித்துச் சர்க்கரை இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே கால்கள் வேலை செய்தால் பயன் கூடுதல்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் நீரிழிவு உள்ள 41 பேரிடம் இதைச் சோதித்தார்கள். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடங்கள் நடப்பது ஒரு முறை. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பத்து நிமிடங்கள் நடப்பது இன்னொரு முறை. மொத்த நேரம் ஒன்றுதான். உணவுக்குப் பின் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை 12 விழுக்காடு குறைந்தது. இரவு உணவுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 விழுக்காடு. 2016-இல் வந்த ஆய்வு இது. ஈசூனில் புளோக்கின் கீழ்த்தளமும் கூரையிட்ட நடைபாதையும் இருப்பதால் மழையோ வெயிலோ தடையாக இல்லை. காப்பிக்கடையிலிருந்து வீடு இரண்டு பேருந்து நிறுத்தத் தூரம். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தார். நள்ளிரவு உணவுக்குப் பிறகு கிடங்கின் நடைவழியில் நடந்தார். சக ஊழியர் இருவர் தாமாகவே சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டாவது, தட்டில் எதை முதலில் உண்பது என்பது. நியூயார்க்கில் 2015-இல் வெளியான சிறிய ஆய்வில் 11 நீரிழிவாளர்கள் ஒரே உணவை இரண்டு விதமாக உண்டார்கள். காய்கறியையும் கோழியையும் முதலில் உண்டு, பதினைந்து நிமிடங்கள் கழித்து ரொட்டியை உண்டபோது, ஒரு மணி நேரச் சர்க்கரை ரொட்டியை முதலில் உண்டதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. நார்ச்சத்தும் புரதமும் முன்னதாகப் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. குடலிலிருந்து சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் கணையத்தை முன்கூட்டியே தயார்ப்படுத்துகிறது. சிங்கப்பூரிலும் ஊட்டச்சத்து ஆய்வாளர் ஜெயக்குமார் ஹென்றியின் குழு உண்ணும் வரிசையை ஆராய்ந்திருக்கிறது.

இதை நம் வீட்டுச் சாப்பாட்டில் நடைமுறைப்படுத்துவது எளிதல்ல. சோற்றைப் பிசைந்து, பொரியலைத் தொட்டு உண்பது நம் பழக்கம். "கறியை முதலிலேயே தின்றுவிட்டால் சோற்றுக்கு எதைத் தொட்டுக்கொள்வது?" என்று தாயார் கேட்டார். இறுதியில் அவரே வழி கண்டுபிடித்தார். முதலில் ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது கூட்டு, அல்லது முட்டையோடு கீரைப் பொரியல். அதை முடித்த பிறகுதான் சோறு மேசைக்கு வரும். பொரியல் இன்னொரு பங்கும் வரும். சோறு தானாகவே குறைந்துவிட்டது. நான் அளவு சொல்லவே இல்லை.

கைக்குத்தல் அரிசிக்கு மாறும் முயற்சி தோற்றது. பிள்ளைகள் தொடவில்லை, தாயாருக்குச் செரிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. புழுங்கல் அரிசியும் நீண்ட பாசுமதியும் அவர்களுக்குப் பிடித்தவை. அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகை கூடுதலாக உள்ள பாசுமதி வகைகள், ஒட்டிக்கொள்ளும் மல்லிகை அரிசியைவிட மெதுவாகச் செரிக்கும். பழைய சோறு பற்றிக் கேட்டார்கள். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை. பயன் மிதமானது. நம் தட்பவெப்பத்தில் சோற்றை மேசையில் இரவு முழுதும் விட்டுவைத்தால் பேசில்லஸ் சீரியஸ் நுண்ணுயிர் பெருகி வாந்தி பேதியைக் கொடுக்கும். செய்வதென்றால் விரைவில் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

பானங்களில் மாற்றம் சுலபமாக நடந்தது. தே தாரிக் இடத்தில் தே-ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர், என்று கேட்கச் சொன்னதும் முகம் சுருங்கியது. சீனி குறைத்த தே-சி (ஆவிப்பால் சேர்த்த தேநீர்) என்பதில் உடன்பட்டார். கட்டிப்பால் போய் ஆவிப்பால் வந்தது, சீனி பாதியானது. மால்ட் பானத்தின் பொட்டலத்தை மேசைமேல் வைத்துத் தாயாரும் நானும் சேர்ந்து படித்தோம். சர்க்கரை பட்டியலில் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று பார்த்ததும் அவரே நிறுத்திவிட்டார். கடையில் வாங்கும் பானங்களுக்கு, சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேடு தர முத்திரை உதவியது. 2022 டிசம்பர் 30 முதல் புட்டிப் பானங்களுக்கும், சரியாக ஓராண்டு கழித்துக் கடைகளில் தயாரிக்கும் பானங்களுக்கும் வந்த விதி அது. நூறு மில்லிலிட்டரில் சர்க்கரை 5 கிராமைத் தாண்டினால் 'சி', 10 கிராமைத் தாண்டினால் 'டி'. 'டி' பானத்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது. 2017-இல் புட்டிப் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 7.1 விழுக்காடாக இருந்தது, 2023-இல் 4.6-க்கு இறங்கியது. முத்திரைக்குப் பயந்து நிறுவனங்கள் தங்கள் செய்முறையையே மாற்றிக்கொண்டன. தனிமனிதனின் மன உறுதியை மட்டும் நம்பாத இந்த அணுகுமுறையை நான் மனமார ஆதரிக்கிறேன்.

தசையை வளர்க்க, வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், இழுவைப் பட்டையும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும். அவ்வளவே.

நம்பிக்கை வர ஒரு சோதனையும் செய்தோம். விரலில் குத்திப் பார்க்கும் கருவியைக் கொடுத்து, உண்பதற்கு முன்பும், உண்டு ஒரு மணி நேரம் கழித்தும் குறித்துவரச் சொன்னேன். பரோட்டா உண்டு, தே தாரிக் குடித்து உட்கார்ந்திருந்த காலை 11.6. முட்டையும் கீரையும் முதலில், பிறகு இரண்டு தோசை, பிறகு நடை: 8.4. இத்தகைய கருவிகளில் 15 விழுக்காடு வரை முன்பின் இருக்கலாம். ஆனாலும் இந்த இடைவெளி அதைவிடப் பெரியது. அந்த இரண்டு எண்களையும் அவர் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருக்கிறார்.

ஆறு மாதங்களுக்குப் பிறகு

எச்பிஏ1சி 5.9. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 8.3, இன்னும் இயல்பு நிலைக்கு வரவில்லை, ஆனால் 10.1-இலிருந்து இறங்கியிருக்கிறது. டிரைகிளிசரைடு 1.6. இடுப்பு 91-இலிருந்து 87. எடை? ஒரே ஒரு கிலோதான் குறைந்தது.

தாயார் கவலைப்பட்டது எடை குறையும் என்று. மகன் கவலைப்பட்டது எடை குறையவில்லையே என்று. இருவருக்கும் சென்னை ஆய்வைச் சொன்னேன். அமெரிக்காவில் 2002-இல் வெளியான புகழ்பெற்ற தடுப்பு ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவு வருவதை 58 விழுக்காடு குறைத்தது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி உடல் நிறைக் குறியீடு 34. எடைக் குறைப்புதான் அதன் மையம். நம் ஆட்களுக்கு அது பொருந்துமா? நீரிழிவு மருத்துவர் ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் 531 பேரிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. சராசரிக் குறியீடு 26-க்கும் சற்றுக் குறைவு. மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கு. அவர்களுடைய சராசரி எடை குறையவே இல்லை. நடையும் உணவு மாற்றமும் எடைப்பொறிக்குத் தெரியாத வேலையை உள்ளே செய்திருக்கின்றன.

அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. வாழ்க்கைமுறையை மாற்றியவர்களிலும் பத்துக்கு நான்கு பேருக்கு மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தது. ஆகவே "தப்பித்துவிட்டேனா?" என்று அவர் கேட்டபோது, ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இது ஒரே ஒருவரின் கதை. நடை, வரிசை, பானம், தசைப் பயிற்சி நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றினோம், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இயலாது. தூக்கம் இன்னும் சரியாகவில்லை. இரவுப் பணி வாரங்களில் அவருடைய எண்கள் இன்றும் ஏறுகின்றன.

சமைத்துக்கொடுத்தவர்

இரண்டாவது சந்திப்புக்கு மனைவியும் வந்திருந்தார். வயது 43. சமைப்பவர் யாரோ அவருடைய உடல்நலத்தையும் நான் கேட்பது வழக்கம். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சர்க்கரை இருந்ததாகவும், உணவுக் கட்டுப்பாட்டிலேயே சமாளித்ததாகவும் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு ஒரு சோதனை, இயல்பு என்றார்கள். அதற்குப் பின் எட்டு ஆண்டுகளாக ஒன்றுமில்லை. "அது பிள்ளையோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்," என்றார். "இவருக்குத்தானே இப்போது பிரச்சினை."

மறு வாரமே மருத்துவரைப் பார்க்கச் செய்தோம். வெறும் வயிற்றில் 7.3, எச்பிஏ1சி 7.1. இரண்டும் நீரிழிவின் எல்லையைக் கடந்திருந்தன. வீட்டில் எல்லாரும் கணவரின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது, நோய் அடுப்படியில் இருந்திருக்கிறது.

கர்ப்பத்தின்போது நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்க்கும். பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுசெய்துவிடும். ஈடுசெய்ய இயலாதபோதுதான் சர்க்கரை ஏறுகிறது. பிரசவத்தோடு ஹார்மோன்கள் போய்விடும்; கணையத்தின் கையிருப்பு குறைவு என்ற உண்மை போகாது. 2009-இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வின்படி, கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். சிங்கப்பூரில் ஏறத்தாழ ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறது. தேக்காவிலும் ஈசூனிலும் செங்காங்கிலும் எத்தனை வீடுகளில் இந்தத் தகவல் பழைய மருத்துவ அட்டைக்குள் கிடக்கிறது என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

இப்போது அவர் மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். விழித்திரைப் படமும் பாதச் சோதனையும் முடிந்தன, இரண்டிலும் குறையில்லை. சமைத்து முடித்துக் கடைசியாக நின்றுகொண்டே உண்ணும் பழக்கத்தை விட்டுவிட்டு, சுண்டல் கிண்ணத்தோடு மற்றவர்களுடன் உட்காருகிறார். இரவு நடைக்குக் கணவருடன் கீழே இறங்குகிறார். பதினேழு வயது மகளுக்குத் தாய் வழியிலும் தந்தை வழியிலும் நீரிழிவு உண்டு என்பதைக் குடும்ப மருத்துவரின் பதிவில் சேர்த்துவிட்டோம்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள், பிரசவத்துக்குப் பிறகு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் குளுக்கோஸ் குடித்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். முடிவு இயல்பாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் சோதிக்க வேண்டும். நாற்பது வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ "பிள்ளை உண்டானபோது சர்க்கரை இருந்தது" என்று சொல்லுங்கள். எந்தச் சோதனை, எப்போது என்பதை அவர்கள் ஏற்பாடு செய்வார்கள்.